மொட்டைப்பனையைத் தாண்டிய சூரியன்

மரத்தின் பின்னால் ஒளிந்து நிற்க வேண்டுமானால், மரம் நம்மைவிடப் பருமனாக இருக்க வேண்டும். என் மாமனார் ஊரான கொட்டாரத்துக் குளத்தங்கரையில் எனக்கு வாய்த்த பூவரசு என்னைவிட ஒல்லி. ஆகவே என்னில் பாதியை மரத்துக்குக் கொடுத்து, மீதிப் பாதியைக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு நின்றேன். மார்கழிப் பனி காதுமடலில் சொட்டியது. வலது காலில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டால் சத்தம் கேட்கும். கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூப்பிடு தூரத்தில், குளத்து மடையின் மேல்கல்லில் என் மனைவி பகவதி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஏழெட்டு மாதம்தான். குளித்த ஈரம் காயாத கூந்தலை நுனியில் முடிந்திருந்தாள். கல்லுக்குக் கீழே, கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு ஒரு நெட்டை மனிதர். மழையில்லாத மார்கழியில் எதற்குக் குடை? என்னைப் போன்ற வக்கீல் குமாஸ்தாவுக்கு எதிராளியின் கையில் இருக்கும் எந்தப் பொருளும் சந்தேகத்துக்கு உரியது.

"அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க சார்" என்றாள் பகவதி.

"நானாட்டுச் சொல்லமாட்டேன். கேட்டா, பொய்யும் சொல்லமாட்டேன்" என்றார் அவர்.

"அப்பம் கேக்காதபடி பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. பொழுது விடிந்தது. வயலுக்கு அப்பால் வரிசையாக நின்ற பனைகளில், தெற்குக் கடைசிப் பனையையும் தாண்டி வெட்டவெளியில் சூரியன் எழுந்தான். அதைப் பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. சொந்த வீட்டில் கொள்ளை போய்க்கொண்டிருக்கும்போது சூரியன் எங்கே எழுந்தால் எனக்கென்ன?

முக்காலிக்கு வந்த போட்டி

என் கல்யாணத்தன்று மோதிரம் தொலைந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், 'நீர் எப்போதும் இப்படிப் பதறுகிறவர்தானா?' என்று கேட்டிருக்கிறார். இல்லை ஐயா, நடுநடுவே தூங்குவதும் உண்டு.

அந்த நாளில் நான் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கார்த்திகை நடுவில், மாமனாருக்கு இளைப்பு அதிகமாகிப் படுத்துவிட்டார் என்று கொட்டாரத்திலிருந்து ஆள் வந்தது. பகவதி அவருக்கு ஒரே மகள். தாயும் இல்லை. அன்றே வில்வண்டி ஏறிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குக் கோர்ட் அடைத்ததும் நானும் கிளம்பினேன். புது மாப்பிள்ளையைக் கண்டதும் வீடு அமர்க்களப்படும் என்று நினைத்து, ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி மீசையைச் சீவிக்கொண்டேன்.

மாமனாரின் கட்டிலருகே ஒரு முக்காலி உண்டு. அதில் மாசிலாமணி வாத்தியார் உட்கார்ந்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். வயது முப்பது இருக்கும். தலைப்பாகையோடு எழுந்து நின்றால் உத்தரத்தில் இடிக்கும். எனக்கோ உத்தரத்துக்கும் தலைக்கும் ஜன்ம விரோதம், நெருங்கியதே இல்லை.

சாயங்காலம் வந்து மாமனாருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது வாத்தியாரின் வழக்கமாம். வாசிப்பா அது! சர்ச்சுப் பாட்டுக் குழுவில் அடித்தொண்டையில் பாடும் குரல். திருவனந்தபுரத்துச் செய்தியைத் திருவனந்தபுரத்துக்கே கேட்கும்படி வாசித்தார். மாமனார் நடுவில் எதையோ கேட்க வாயைத் திறந்தால், குரலை இன்னும் ஒரு படி ஏற்றி அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார்.

"வாரும் மருமகனே, இரியும்" என்றார் மாமனார், அந்த இரைச்சலுக்கு நடுவே.

எங்கே இருக்க? மூலையில் கிடந்த மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். நெல் அளக்கும் மரக்காலில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு என்ன கம்பீரம் மிஞ்சும்? பகவதி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். முதல் டம்ளர் முக்காலிக்குப் போயிற்று. பிறகு மரக்காலுக்கு வந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பு அவள் பாயிலிருந்து எழுந்து போனபோது, நானும் கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பூவரசுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இருட்டில் எழுந்திருக்கும் மாதம்

திருவனந்தபுரத்துச் சர்க்கார் காகிதத்தில் அதற்குத் தனு மாதம் என்று பெயர். வீட்டில் மார்கழி. நமக்கு ஒரு வருஷம் என்பது தேவர்களுக்கு ஒரு நாளாம். அந்த நாளில் மார்கழிதான் விடியற்காலம். சூரியன் வடக்கே திரும்பினால் அவர்களுக்குப் பொழுது விடிகிறது, மேலுலகத்தின் வாசலைத் திறந்து வைக்கிறார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் போகிறவனுக்கு உள்ளே இடம். தெற்கே போகும் ஆறு மாதத்தில் போகிறவன் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும்.

பூமியிலும் அந்த மாதம் யாரும் விடிகிறவரை தூங்குவதில்லை. வாசலெங்கும் சாணி உருண்டையில் பூசணிப்பூ. கோயில் தெருவிலிருந்து பஜனைக்காரர்கள் ஜால்ராவோடு இறங்குவார்கள். சர்ச்சுத் தெருவிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் காஸ் விளக்கோடு வருவார்கள். சந்தை முக்கில் இரண்டு கூட்டமும் சந்திக்கும். 'நீங்க போங்க', 'இல்ல, நீங்க போங்க' என்று வழியை விட்டுக்கொடுப்பார்கள். சுருதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முக்கு வீட்டில் குடியிருந்தவர்கள் தை பிறந்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்குவார்கள்.

எனக்கு ஒன்று தோன்றும். சீக்காளி கிடக்கும் வீட்டில் எல்லோரும் இருட்டோடு எழுந்து நடமாடுவார்கள். விளக்கை ஏற்றுவார்கள், எதையாவது அடுப்பில் வைப்பார்கள், சும்மா இருக்க முடியாமல் வாசலைப் பெருக்குவார்கள். மார்கழியில் ஊரே அப்படித்தான் இருக்கிறது. சூரியன் நாளுக்கு நாள் தெற்கே நழுவிக்கொண்டிருக்கிறான். இப்படியே போய்விட்டால் என்ன செய்வது?

கொட்டாரத்தில் என் மாமனாருக்கு இதற்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. மடைக்கல்லில் நின்று பார்த்தால், ஐப்பசியில் சூரியன் இரட்டைப்பனையில் எழும். கார்த்திகையில் கூழைப்பனைக்கு வரும். மார்கழி பிறந்து சில நாளில், இடிவிழுந்து தலை போன மொட்டைப்பனை. வரிசையில் அதுதான் தெற்குக் கடைசி. அங்கே நாலைந்து நாள் அசையாமல் நின்றுவிட்டு, வந்த வழியே வடக்கே திரும்பும். மாசியில் அறுக்கும் கும்பப்பூ வயலுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, எப்போது வடிப்பது என்பதெல்லாம் இந்தப் பனைகளை வைத்துத்தான்.

பஞ்சாங்கம் தை முதல் நாள் என்கிறது, மொட்டைப்பனையோ கிறிஸ்துமஸை ஒட்டியே சூரியனைத் திருப்பி அனுப்பிவிடுகிறதே என்று யாராவது கேட்டால், "பஞ்சாங்கம் எழுதினவன் நம்ம மடைக்கல்லுல நின்னு பாக்கல்ல" என்பார் மாமனார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. பூவரசில் நின்ற அன்று எனக்குப் பனை என்றால் நுங்கு, அவ்வளவுதான்.

பிராதும் குறுக்கு விசாரணையும்

எறும்பு கடித்த காலோடு நேரே மாமனாரிடம் போனேன். வழியிலேயே மனசுக்குள் பிராது எழுதி முடித்திருந்தேன். வாதி நான், பிரதிவாதி குடைக்கார வாத்தியார். தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்த மாமனார், நான் வாயைத் திறக்குமுன் கேட்டார்.

"குளத்துப் பக்கமாட்டா வாறீரு மருமகனே? சூரியன் எந்தப் பனையில?"

பதில் தெரிந்த கேள்வி எனக்கு அபூர்வமாகத்தான் வரும். விடுவேனா?

"பனையெல்லாம் முடிஞ்சாச்சு மாமா. தலையில்லாத பனை ஒண்ணு நிக்குல்லா, அதையும் தாண்டி ஒரு முழம் தெக்கே எழும்புது!"

மாமனார் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"எனக்குப் புத்தி தெரிஞ்ச நாளுலேருந்து சூரியன் மொட்டைப்பனையத் தாண்டினதில்ல வேய். இந்த வருசம் உமக்காகத் தாண்டீட்டாக்கும்?"

"என் கண்ணால பாத்தேன் மாமா."

"பாத்திருப்பீரு. ஆனா மடைக்கல்லுல நின்னு பாக்கல்ல. தெக்கே தள்ளி நின்னாத்தான் அப்பிடித் தெரியும். அங்க ஒரு பூவரசு மூடு நிக்கு. அங்க நின்னு என்ன செய்தீரு?"

நான் காலைச் சொறிந்தேன்.

"பெண்டாட்டிக்குப் பின்னால போனீராக்கும்?"

குறுக்கு விசாரணையில் உளறும் சாட்சிகளைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்தவன் நான். ஒரு பனையை வைத்து என்னை மடக்கியவர் அவர் ஒருவர்தான். எல்லாவற்றையும் கொட்டினேன். மடைக்கல், குடை, 'அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க' வரைக்கும்.

அதைக் கேட்டதும் மாமனார் சிரிப்பை நிறுத்தினார்.

"படுத்த அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன் வேய். மொட்டைப்பனையில சூரியன் திரும்பாம நான் போகமாட்டேன், திரும்பீட்டா பெறவு ஒரு நாளும் தங்கமாட்டேன்னு. அன்னைலேருந்து தினம் காலையில எம் மகட்ட கேக்கேன், எந்தப் பனைன்னு. 'கூழைப்பனைதான் அப்பா, இன்னும் மொட்டைப்பனைக்கு வரல்ல'ங்கா. சரி, வாத்தியாரு விடியக்காலம் பாட்டு முடிச்சிட்டு அந்த வழியாத்தானே வாராரு, பாத்துட்டு வந்து சொல்லட்டும்னா, அந்த மனுசன் பேப்பரை வச்சிக்கிட்டுக் காட்டுக்கத்தல் கத்துகாரு. பொய் சொல்லவும் மாட்டாரு, கேக்கவும் விடமாட்டாரு."

விரலால் காற்றில் எதையோ அளந்தார்.

"பூவரசு மூட்டுலேருந்து ஒரு முழம் தாண்டித் தெரிஞ்சா, மடைக்கல்லுலேருந்து மொட்டைப்பனை நெத்தியிலயாக்கும். அப்பம் வந்து நின்னாச்சு. இன்னைக்கோ நாளைக்கோ திரும்பீரும்."

மகளும் வாத்தியாரும் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நான் ஒரு முழத்தில் உடைத்துவிட்டேன்.

"எனக்குக் கண்ணு அவ்வளவு தெளிவில்ல மாமா. மூடுபனி வேற" என்றேன்.

"இருக்கட்டும். அவகிட்ட மூச்சு விடாதையும். நான் நம்புகேன்னு அவ நெனச்சுக்கிடட்டும்."

கொட்டாரத்துக் கொசு

மூச்சு விடாதையும் என்றார். எனக்கோ அவர் மூச்சு விடுகிறாரா என்பதுதான் கவலை. சூரியன் திரும்பி, இவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டால், பழி யார் தலையில்?

முக்காலியைக் கைப்பற்றினேன். சாயங்காலம் வந்த வாத்தியார் மரக்காலுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த வெற்றியை அனுபவிக்க நேரமில்லை. மாமனார் கண்ணை மூடினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன்.

"மூக்குல என்ன வேய்?"

"கொசு மாமா."

அந்தக் குளிரில் அத்தனை கொசு கொட்டாரத்தில் முன்னும் பின்னும் வந்ததில்லை. கஷாயம் கொடுத்தேன், கால் பிடித்தேன். அவர் தூங்கிவிட்டால், குறட்டை கேட்கிறவரை நான் தூங்குவதில்லை. குறட்டை கேட்டபின் அந்தச் சத்தத்தில் தூங்க முடிவதில்லை.

பகவதி அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். "எங்கப்பா மேல நீங்க இவ்வளவு பிரியமாட்டு இருப்பீங்கன்னு நெனைக்கல்ல" என்றாள். நான் தலையைக் குனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், அவள் பார்வை என்னைத் தாண்டி ஒரு முழம் தள்ளி, கட்டிலில் போய் நின்றுகொண்டிருந்தது.

வாத்தியாரை நான் மன்னித்தது அந்த வாரத்தில்தான். ஒரு சாயங்காலம் வாசல்வரை வழியனுப்பப் போனபோது கேட்டேன், "மழையில்லாத காலத்துல என்னத்துக்கு ஓய் குடை?"

"பனிக்காக்கும். ஒசரம் கூடின ஆளுல்லா, எனக்குத்தான் மொதல்ல விழும்" என்று தலைப்பாகையைக் கழற்றித் துடைத்தார். உள்ளே நடு மண்டையில் ஒரு மயிர் இல்லை. குளத்தில் நிலா விழுந்ததுபோல் பளபளத்தது. என் பொறாமையில் பாதி அங்கேயே உதிர்ந்தது.

பள்ளிக்கூட முற்றத்தில் அவர் ஒரு கம்பு நட்டு, உச்சி நேரத்து நிழலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாராம். "நேத்தும் இன்னைக்கும் நெழல் ஒரே நீளம். இதுக்கு மேல நீளாது. இனி குறுகும்" என்றார். "அதுக்குத்தான் நாங்களும் இந்தச் சமயத்துல வாசல்ல நட்சத்திர விளக்கு கட்டுகோம். இருட்டு இனி வளராதுங்கும்போதுதானே பாலன் பொறக்கணும்?" பிறகு குரலைத் தணித்தார். அந்தக் குரலுக்குத் தணியவும் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன். "ஆனா அந்தப் பிள்ள தினம் கல்லுல ஏறி நின்னு, திரும்பாதே திரும்பாதேன்னு கைகூப்புகா. எல்லாரும் கூப்புடுகதுக்கு நேர் எதிராட்டு ஒருத்தி கூப்புடுகா. என்ன சொல்ல?"

உதிராத மீதிப் பாதிப் பொறாமை அன்றே இடம் மாறிக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

நோன்பு யாருக்கு?

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு திருவாதிரை வந்தது. சுசீந்திரத்தில் மார்கழித் தேர். எங்கள் பக்கத்தில் பெண்கள் இருட்டோடு குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையால் அடித்துப் பாடிக் குளிப்பார்கள். அன்று முழுக்கச் சோறு கிடையாது. கிழங்கை அவித்த புழுக்கு, களி, வெற்றிலை. புருஷனின் ஆயுசுக்காக இருக்கும் நோன்பு. அதிலும் கல்யாணமான பெண்ணின் முதல் திருவாதிரை என்றால், புருஷன் அன்று சின்ன மகாராஜா. அந்த நாளுக்காகவே ஒரு ஜரிகை வேஷ்டி கொண்டுபோயிருந்தேன்.

அடுக்களையில் பகவதி களி கிளறிக்கொண்டிருந்தாள். வேஷ்டியின் ஜரிகை தெரியும்படி நிலைப்படியில் சாய்ந்தேன்.

"ஏட்டி, நோன்பு எனக்குத்தானே?"

"நோன்பு உங்களுக்குத்தான்."

"வேண்டுதல்?"

துடுப்பு உருளியில் நின்றுவிட்டது. அவளுக்குப் பொய் சரளமாக வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன். வரும்தான், ஆனால் தினம் ஒன்றுதான் சொல்ல முடியும் போலிருக்கிறது. அன்றைய பொய் காலையிலேயே அப்பாவுக்குச் செலவாகிவிட்டது.

"உங்களுக்கு என்ன கொறச்சல்? ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கீங்க. இந்த ஒரு வருசம் அப்பாவுக்கு வேண்டிக்கிடுகேன். அடுத்த வருசத்துலேருந்து உங்களுக்கு."

"அப்பம் இந்த வருசம் எனக்கு என்னதான் உண்டு?"

"களி."

களி நன்றாகவே இருந்தது. பொறாமையில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கோர்ட் திறந்ததும் நாகர்கோவில் போனேன். ஞாயிறுதோறும் கொட்டாரம் வந்தேன். வரும்போதெல்லாம் அதே நாடகம். விடிந்ததும் சேலை ஓரம் பனியில் நனைய பகவதி வருவாள். "எந்தப் பனை மக்கா?" என்பார் கட்டிலிலிருந்து. "கூழைப்பனைதான் அப்பா." "ரொம்ப மெதுவாட்டுப் போறான் இந்த வருசம்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "ஆமாப்பா, பனி அதிகம்லா" என்பாள் அவள்.

நான் கொசு விரட்டுவேன்.

வாசலில் கூட்டம்

தை பிறந்தது. பொங்கலை மறைக்க முடியாது. ஊரே குலவையிடும்போது எந்தப் பனையைச் சொல்லுவது? வெல்லம் போட்ட பொங்கலைப் பகவதி அப்பாவுக்குக் கொடுத்தாள். அவர் வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டார்.

சில நாள் கழித்து, தனியாக இருக்கும்போது, என் வாய் சும்மா இராமல் கேட்டது: "திரும்பியாச்சே மாமா. பெறவும் இருக்கீங்களே?"

"வாசல் தொறந்த ஒடனே சுசீந்திரம் தேர் மாதிரி கூட்டமாட்டு இருக்கும் வேய். எனக்குத்தான் இளைப்பு உண்டே. கொஞ்சம் ஒழியட்டும்" என்றார்.

அந்தக் கூட்டம் ஒழிய ஐந்தாறு வருஷமாயிற்று. ஒவ்வொரு மார்கழியிலும் அவருக்கு இளைக்கும். ஒவ்வொரு மார்கழியிலும் பகவதி கொட்டாரம் போய் மடைக்கல்லில் நிற்பாள். சூரியன் கூழைப்பனையிலேயே கிடப்பான். ஒவ்வொரு திருவாதிரையிலும் எனக்குக் களி.

கடைசியில் அவர் போனது ஒரு ஆடி மாதம். வாசலை அப்போதுதான் அடைத்துத் தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். வெளியே சாரல். கஞ்சி குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது நான். கொசு என்று சொல்ல ஆள் இல்லை.

பகவதி அழுகையின் நடுவே ஒரே ஒரு தடவை, "வாசல் அடைச்சிருக்குமே" என்றாள்.

"அவருக்குப் பொறவாசல் தெரியும்ட்டி" என்றேன்.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பிறகு அதற்கும் சேர்த்து அழுதாள்.

போன மார்கழி

இப்போது நாங்கள் கொட்டாரத்து வீட்டில்தான் இருக்கிறோம். மாசிலாமணி வாத்தியார் மாற்றலாகி மேற்கே எங்கோ போய் வெகு காலமாகிறது. எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. மாமனாரின் கட்டிலும், அவர் இருமலும் எனக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

போன மார்கழியில் காய்ச்சல் வந்தது. கட்டிலில் ஏறிப் படுத்து, கம்பளியைத் தாடைவரை இழுத்துக்கொண்டு, பல வருஷமாக மனசில் வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "மொட்டைப்பனையில சூரியன் திரும்பாம நான் போகமாட்டேன். திரும்பீட்டா..."

"சளி பிடிச்சதுக்கு இவ்வளவு சபதமா? கஷாயத்தக் குடியுங்க" என்றாள் பகவதி.

அவ்வளவுதான் எனக்கு. அப்பா என்றால் மடைக்கல், பனி, கூப்பிய கை. நான் என்றால் சுக்கும் மிளகும். செத்துப்போன மனிதர்மேல் பொறாமைப்படுவது நல்லதல்லதான். படுத்துக்கொண்டு வேறு என்ன செய்வது?

ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. வைத்தியர் முதலில் தமாஷாகப் பேசினார், பிறகு பேச்சைக் குறைத்தார். பகவதி என்னைத் திட்டுவதை நிறுத்தினாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. நானே என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு விடியற்காலம் கண் விழித்தால் அவள் பாய் காலி. வாசற்கதவு திறந்து கிடந்தது. பஜனைச் சத்தம் சந்தை முக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் போய் ஒளிந்து பார்க்க எனக்குக் காலும் இல்லை, அந்தப் பூவரசும் இப்போது இல்லை. படுத்தே கிடந்தேன்.

வெளிச்சம் வந்த பிறகு வந்தாள். சேலை ஓரம் நனைந்திருந்தது. சிமெண்டுத் தரையில் ஈரக் காலடி வாசலிலிருந்து கட்டில்வரை விழுந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கஞ்சியை ஆற்றினாள்.

"எந்தப் பனை?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கூழைப்பனைதான்" என்றாள். "இன்னும் மொட்டைப்பனைக்கு வரல்ல."

எதிர்வீட்டார் கொடுத்த கிறிஸ்துமஸ் முறுக்கு தீர்ந்து, டப்பாவைக்கூடக் கழுவிக் கொடுத்தாயிற்று.

"ரொம்ப மெதுவாட்டுப் போறான் இந்த வருசம்" என்றேன்.

"ஆமா, பனி அதிகம்லா."

கஞ்சியில் உப்பே இல்லை. நான் சொல்லவில்லை. முழுக்கக் குடித்தேன்.